டிப்ஸ்டிக்கை நீங்களே இழுத்துப் பாருங்கள்: கார் பராமரிப்பு கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஆயிலையும் டயரையும் பற்றியவை. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்துவிட்டேன். எந்தப் பதிலைப் படித்தாலும் உங்கள் காரோடு வந்த கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதற்கும் அதில் இருப்பதற்கும் வேறுபாடு வந்தால் கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. 10,000 கி.மீ. ஆன பிறகு ஆயில் மாற்றினால் போதாதா? (திண்டுக்கல் வாசகர்)

போதாது. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது என்றுதான் கையேட்டில் இருக்கும். பலரும் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

குறைவாக ஓடும் காரில்தான் ஆயில் அதிகம் கெடுகிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே, ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்கு இறங்கும். சரியாக எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். அரை மணி நேரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி இரண்டும் ஆவியாகிவிடும். கோயிலுக்கு 2 கி.மீ., சந்தைக்கு 3 கி.மீ. என்று ஓட்டினால் அந்தச் சூடு வருவதே இல்லை. ஈரம் உள்ளேயே தங்குகிறது, அமிலம் சேர்கிறது, ஆயில் திரிகிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டுகளில் 11,000 கி.மீ. ஓடியிருந்தது, ஒரே ஒருமுறை ஆயில் மாற்றியிருந்தார். வெளியே ஒரு கீறல் இல்லை. இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை. என்ஜினின் வால்வு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஆயில் இல்லை. கரண்டியால் வழித்து எடுக்கும்படி கறுப்பு அல்வாப் பதத்தில் கசடு இருந்தது. ஆயிலை உறிஞ்சும் சல்லடை பாதி அடைத்துப்போயிருந்தது. பிள்ளையைப்போல் வைத்திருந்தேனே என்று அவர் சொன்னது இன்றும் மனத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஆயில் ஃபில்டரையும் சேர்த்து. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரை போய்வாருங்கள். வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் காற்றோட்டம்.

நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்று எங்கள் மெக்கானிக் 20டபிள்யூ-40 ஊற்றச் சொல்கிறார். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று இருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? (ஈரோடு வாசகி)

கையேட்டை. உங்கள் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அம்பாசடர் காலத்து என்ஜினுக்கு அவர் சொல்வது சரி. அந்த என்ஜின்களில் பாகங்களுக்கு இடையே இடைவெளி அதிகம், கெட்டி ஆயில் தேவைப்பட்டது. இன்றைய என்ஜினில் ஆயில் போகும் வழிகள் மிகக் குறுகியவை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்புகூட ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. கெட்டி ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும்.

டபிள்யூ என்பது விண்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், ஆயில் குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டுகிறது; சிறிய எண் என்றால் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள கெட்டித்தன்மைக்கு. வேலூரில் மே மாதமானாலும் ஊட்டியில் டிசம்பரானாலும் ஓடிச் சூடேறிய என்ஜினுக்குள் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். என்ஜின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அதைப் பார்த்துக்கொள்கிறது. வெளியே அடிக்கும் வெயிலை வைத்து ஆயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

டீசல் கார். ஆயில் மாற்றி ஒரு வாரத்தில் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. பழைய ஆயிலையே விட்டுவிட்டார்களா? (தஞ்சாவூர் வாசகர்)

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். டீசல் எரியும்போது வரும் கரியைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலை. சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும். நீங்கள் பயப்பட வேண்டிய நிறம் பால் கலந்த காபி நிறம். அது தெரிந்தால் ஆயிலில் கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கலாம். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசல் கார் வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகைக்கரி வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது கூடுதல் டீசல் பாய்ச்சப்படும். ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓட்டி அதைப் பாதியில் அணைத்துக்கொண்டே இருந்தால் அந்த டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். ஏறினால் நல்லதுதானே என்று இருந்துவிடாதீர்கள்.

சந்தேகம் வராமலிருக்க வழி இருக்கிறது. அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சீல் வைத்த கேனை உங்கள் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஓட்டக் கற்று ஆறு மாதம் ஆகிறது. பானெட்டைத் திறக்கவே பயம். ஆயில் அளவை எப்படிப் பார்ப்பது? (திருநெல்வேலி வாசகி)

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் பாருங்கள். தரை மேடுபள்ளம் இல்லாமல் இருக்கட்டும். ஓட்டி வந்தவுடன் பார்ப்பதானால் அணைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். மேலே ஏறிய ஆயில் சம்ப்புக்கு வழிந்து வர வேண்டும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் வளையம் போன்ற பிடி ஒன்று தெரியும். அதுதான் டிப்ஸ்டிக். இழுங்கள், பழைய பருத்தித் துணியால் துடையுங்கள், முழுக்க உள்ளே செருகி மறுபடி இழுங்கள். முதல் இழுப்பில் தெரியும் அளவை நம்பக் கூடாது. ஓடும்போது சிதறிய ஆயில் குச்சி முழுக்க ஒட்டியிருக்கும். இரண்டாம் இழுப்பில், நுனியில் உள்ள இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நின்றால் சரி.

கீழ்க்குறிக்கு அருகில் இருந்தால் அதே தரத்து ஆயிலைக் கால் லிட்டர் ஊற்றி, பொறுத்து, மறுபடி பாருங்கள். மேல்குறியைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் என்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் ஆயிலைத் தயிர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை பேரிங்குகளைக் காக்காது.

முன்பலகையில் சிவப்பாக எரியும் எண்ணெய்ப் பாத்திர விளக்கு அளவைக் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். பல கார்களில் அது அழுத்தத்துக்கான விளக்கு. ஓடும்போது எரிந்தால், வீடு இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

டயரில் ஆணி குத்தியிருக்கிறது. காற்று இறங்கவில்லை. பிடுங்கிவிடலாமா? (கோவை வாசகர்)

தொடாதீர்கள். டியூப்லெஸ் டயரில் அந்த ஆணிதான் இப்போது அடைப்பான். காற்றின் அளவைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பஞ்சர் கடைக்குப் போங்கள்.

தரையில் படும் பகுதியில் உள்ள சிறு ஓட்டையைச் சரிசெய்யலாம். வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகுவது விரைவான வேலை. டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டுப் போடுவது உறுதியான வேலை. அடிக்கடி வெளியூர் போகிறவர் இரண்டாவதைக் கேளுங்கள். பக்கவாட்டுச் சுவரில் ஓட்டை என்றால் எந்த ஒட்டும் நிற்காது, டயரை மாற்றத்தான் வேண்டும்.

காற்றில்லாமல் ஓட்டிவந்த டயரைக் கழற்றினால் உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கைப்பிடி அளவு கொட்டும். பக்கச்சுவர் உள்ளே அரைபட்டதன் அடையாளம் அது. வெளியே பார்க்க டயர் புதிதாகத் தெரியும். அப்படிப்பட்ட டயரை ஒட்டுப் போட்டு மாட்டித்தர நான் எப்போதும் மறுத்திருக்கிறேன்.

இரவு 11 மணி, சேலம்–கிருஷ்ணகிரி சாலையில் வலதுபக்கப் பின்டயர் பஞ்சர். ஜாக் வைக்கத் தெரியாமல் குழந்தைகளோடு ஒரு மணி நேரம் நின்றோம். முறையாகச் சொல்லித்தாருங்கள். (தருமபுரி வாசகர்)

நீங்கள் நல்லபடியாக வீடு சேர்ந்ததே நிம்மதி. அந்தச் சாலையில் இரவு லாரிகள் வரும் வேகத்தில் வலதுபக்கம் குனிந்து நட்டுக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. இனி இப்படி நேர்ந்தால் நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, ஊர்ந்தபடியே பெட்ரோல் பங்க்குக்கோ சுங்கச்சாவடிக்கோ அகலமான ஓரத்துக்கோ போய்விடுங்கள். காற்றில்லாமல் ஓட்டினால் டயர் கெடும் என்று மேலே சொன்னேன். இந்த நேரத்தில் அது கெட்டால் கெடட்டும். நகர முடியாவிட்டால் எல்லோரையும் இடதுபக்கமாக இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் உதவி கிடைக்கும்.

இடம் பாதுகாப்பானது என்றால் வேலையைத் தொடங்கலாம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் விடுங்கள். கழற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பிறகு பலரும் செய்யும் தவறு: உடனே ஜாக்கை ஏற்றிவிடுவார்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு திருகினால் சக்கரம் சேர்ந்து சுழலும், வண்டி ஜாக்கிலிருந்து நழுவும். கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிடுவதால் காரோடு வரும் சிறு ஸ்பேனருக்கு நட்டு அசையாது. சிலுவை வடிவ ஸ்பேனர் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். இரு கைகளாலும் பிடித்துத் திருக முடியும்.

கதவுக்குக் கீழ் விளிம்பில், சக்கரத்துக்கு அருகே இரண்டு வெட்டுக்குறிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில்தான் ஜாக்கின் தலை உட்கார வேண்டும். மண் தரை என்றால் அடியில் பலகை வையுங்கள். ஸ்டெப்னியை வெளியே எடுத்தவுடன் வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக் சரிந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும். எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் உடம்பு வண்டிக்கு அடியில் போகக் கூடாது. மாட்டும்போது நட்டுகளைக் கையால் திருகி, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்குங்கள். தரையில் இறக்கிய பிறகு கடைசியாக ஒருமுறை அழுத்தி இறுக்குங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சோதியுங்கள். ஸ்டெப்னி சிறிய அளவினது என்றால் அதன்மேல் எழுதியிருக்கும் வேகத்தை, பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ., தாண்டாதீர்கள்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு வாசலில் ஒருமுறை செய்து பாருங்கள், மனைவி மக்களையும் சேர்த்துக்கொண்டு. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும். நாம் நாள்தோறும் சொல்லும் அந்தச் சொல், வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் உள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் லனெல்லியில்தான் அந்த மாற்றுச் சக்கரம் உருவாக்கப்பட்டது. பிறந்த நாட்டில் வழக்கொழிந்த சொல் நம் பஞ்சர் கடைகளில் உயிரோடு இருக்கிறது.

நைட்ரஜன் பிடிப்பது அவசியமா? எவ்வளவு காற்று வைப்பது? (மதுரை வாசகர்)

சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் பிடியுங்கள், அதற்காக அலைய வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உங்கள் காருக்கு உரிய அளவு இருக்கிறது. டயரின்மேல் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அது வரை ஏற்றக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

டயர் வாங்கி ஏழு ஆண்டுகள். பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டிகள்) தேயவில்லை. இன்னும் ஓட்டலாமா? (காரைக்குடி வாசகர்)

டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வாங்கிய தேதியை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். ஓடாமல் நின்றாலும் ரப்பர் வெயிலில் இறுகி வெடிக்கும். பட்டன்களுக்கு இடையே மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் உடனே மாற்றுங்கள். தெரியாவிட்டாலும், ஏழு ஆண்டு டயரோடு நெடுஞ்சாலையில் நான் போகமாட்டேன்.

மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். காரை எப்படிக் காப்பாற்றுவது? (சென்னை வேளச்சேரி வாசகி)

என் பட்டறை மேசையில் வளைந்த கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க்ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) ஒன்று காகிதம் பறக்காமலிருக்கக் கிடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஒரு காரிலிருந்து எடுத்தது. கையில் வாங்கிப் பார்த்தால் திடமான இரும்பு. ஆனால் அரிவாள் பிடிபோல் வளைந்திருக்கிறது. வெள்ளம் அதை வளைக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா பார்ப்போம் என்று ஒருமுறை ஸ்டார்ட் செய்தார்கள், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டன் மேலே தள்ளியது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. நடுவில் இருந்த ராடு வளைந்தது. 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அதே கதையோடு வண்டிகள் வரிசையாக வந்தன.

மழை எச்சரிக்கை வந்தவுடன் மேடான இடத்துக்குக் காரைக் கொண்டுபோய்விடுங்கள். 2024 அக்டோபரில் உங்கள் பகுதி மக்கள் மேம்பாலத்தின்மேல் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அவர்களின் கவலை எனக்கு நன்றாகப் புரிந்தது. காப்பீட்டில் என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவு இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது இல்லையென்றால், நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது.

தண்ணீர் புகுந்துவிட்டால், எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். வடிந்த பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஈரம் இருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்து முடிக்கும் வரை சாவி உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.