ஐ.பி. எண்ணைப் பார்த்ததும் என்ன புரிந்துகொள்ளலாம்? – கேள்வி பதில்

என் போனில் ஐ.பி. 192.168.1.7 என்று காட்டுகிறது. இணையத்தில் தேடிப் பார்த்தால் வேறு எண் வருகிறது. பக்கத்து வீட்டுப் போனிலும் அதே 192.168.1.7தான். ஒரே எண் இரண்டு பேருக்கு எப்படி சார்?

ஐ.பி. எண் என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவியின் முகவரி. அடுக்குமாடிக் குடியிருப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஏ-7' என்ற கதவு எண் ஊரில் எத்தனையோ கட்டடங்களில் இருக்கும். கட்டடத்துக்குள் அது போதும், தபால்காரருக்குப் போதாது. 192.168.1.7 அப்படிப்பட்ட உள்முகவரி, அதாவது பிரைவேட் ஐ.பி. இணையத்தில் தெரியும் எண்தான் பப்ளிக் ஐ.பி.

இரண்டையும் இணைப்பது ரவுட்டரில் நடக்கும் 'நாட்' என்ற முகவரி மாற்றம். உங்கள் போன் 192.168.1.7, போர்ட் 51512 (கருவிக்குள் எந்தச் செயலிக்கு என்று காட்டும் எண்) என்று ஒரு பாக்கெட், அதாவது தகவல் துண்டு, அனுப்பினால், ரவுட்டர் அதைத் தன் பப்ளிக் ஐ.பி., போர்ட் 40021 என்று மாற்றி, தன் அட்டவணையில் ஒரு வரி எழுதி வைக்கிறது. பதில் 40021-க்கு வந்ததும் அந்த வரியைப் பார்த்து உங்கள் போனுக்குத் திருப்புகிறது. இந்த வரியை மறக்காதீர்கள், கீழே கேமரா கேள்விக்கும் இதுதான் விடை.

ஐ.பி.வி.4 என்ற இந்த நான்கு பகுதி எண்முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்றே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. நாட் இல்லையென்றால் வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் கிடைத்திருக்காது.

அண்ணா, 172 என்று தொடங்கினால் எல்லாமே பிரைவேட்தானே? தேர்வில் 172.32.5.1 கேட்டார்கள், பிரைவேட் என்று எழுதினேன், தப்பு என்கிறார்கள்.

தப்புதான் தம்பி. 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணைய விதி ஆவணம் பிரைவேட்டுக்கு ஒதுக்கியது மூன்று தொகுதிகள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் இருக்கும் /12-இல்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். ஐ.பி. எண்ணின் 32 பிட்டில் (0, 1 இலக்கங்களில்) முதல் 12 பிட் மாறக்கூடாது என்று அர்த்தம். 172-க்கே 8 பிட் போய்விட்டது. இரண்டாம் எண்ணின் முதல் 4 பிட் 0001 என்று நிற்க வேண்டும். 16 என்பது 00010000, 31 என்பது 00011111. 32 வந்ததும் 00100000 ஆகி, அந்த முதல் 4 பிட் 0010 என்று மாறிவிடுகிறது. ஆக 172.16 முதல் 172.31 வரை பிரைவேட், 172.32 பப்ளிக்.

மதிப்பெண்ணோடு போகிற விஷயமில்லை இது. ஃபயர்வாலில் (எதை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவலில்) 'உள் நெட்வொர்க்' என்று 172.0.0.0/8 எழுதி வைத்தால், யார் யாருடையதோ பப்ளிக் முகவரிகளுக்கும் கதவு திறந்துவிடுவீர்கள்.

எங்கள் டியூஷன் சென்டரில் மாலை 6 மணிக்கு மேல் சில லேப்டாப்களில் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது, நெட் வரவில்லை. காலையில் எல்லாம் சரியாக இருக்கிறது.

169.254 என்பது கருவி தனக்குத் தானே வைத்துக்கொண்ட எண். நெட்வொர்க்கில் சேர்ந்ததும் கருவி 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255-க்கு 'யாராவது எனக்கு முகவரி கொடுங்கள்' என்று கூவும். ரவுட்டரில் முகவரி ஒதுக்கும் டி.எச்.சி.பி. சேவை பதில் தரவில்லையென்றால், 169.254.0.0/16-இலிருந்து ஒன்றைத் தானே எடுத்துக்கொள்ளும். அதை வைத்து வெளியே போக முடியாது.

எல்லாக் கருவிக்கும் இப்படி வந்தால் டி.எச்.சி.பி.யே நின்றிருக்கும். ஒன்றுக்கு மட்டும் வந்தால் கேபிளையோ அந்தக் கருவியையோ பாருங்கள். உங்களுக்குச் சிலவற்றுக்கு மட்டும், அதுவும் மாலையில் மட்டும் வருகிறது. முகவரிகள் தீர்ந்துபோகின்றன என்றுதான் தோன்றுகிறது. ரவுட்டரில் ஒதுக்கீடு 192.168.1.100 முதல் 149 வரை என்று இருந்தால் மொத்தம் 50 இடம். லீஸ், அதாவது ஒரு முகவரியை ஒரு கருவிக்கு ஒதுக்கி வைக்கும் காலம், 24 மணி நேரம் என்றால், காலையில் வந்து போன மாணவரின் போனுக்குக் கொடுத்த இடம் மாலையிலும் அவர் பெயரிலேயே கிடக்கும்.

ஒதுக்கீட்டை 192.168.1.50 முதல் 250 வரை விரியுங்கள், லீஸை 2 மணி நேரமாகக் குறையுங்கள். பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்குக் கையால் போட்ட முகவரிகள் 2 முதல் 49-க்குள் இருக்கட்டும். இல்லையென்றால் அதே எண்ணை ரவுட்டர் வேறொருவருக்குக் கொடுத்து, இரண்டும் முட்டிக்கொள்ளும்.

கடையில் கேமரா டி.வி.ஆர். (பதிவுப் பெட்டி) வைத்திருக்கிறேன். போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. ரவுட்டரில் வான் ஐ.பி. 100.72.14.9 என்று இருக்கிறது.

வான் ஐ.பி. என்பது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி. போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பச் சொல்லி ரவுட்டரில் முன்பே எழுதி வைப்பது. உங்களுக்கு அந்த 100.72-தான் காரணம். 100.64.0.0/10, அதாவது 100.64 முதல் 100.127 வரையான எண்கள், 2012-இல் இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒரு பப்ளிக் ஐ.பி.யைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கு போட நிறுவனம் தன் பக்கத்தில் இன்னொரு நாட் வைத்திருக்கிறது. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். வெளியிலிருந்து உங்கள் டி.வி.ஆரைத் தேடி வரும் பாக்கெட் முதலில் அங்கே போகிறது. அங்குள்ள அட்டவணையில் அதற்கான வரி இல்லை, எனவே அங்கேயே விழுந்துவிடுகிறது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பாக்கெட் உங்கள் வாசலுக்கே வராது.

மற்றவர்களும் சோதித்துக்கொள்ளலாம்: ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் உள்ள வான் ஐ.பி.யும் இணையத்தில் தெரியும் ஐ.பி.யும் வேறு வேறாக இருந்தால், நடுவில் இன்னொரு நாட் இருக்கிறது. சில நிறுவனங்கள் இதற்கு 10.x முகவரியும் கொடுக்கின்றன.

வழிகள்: நிறுவனத்திடம் கேட்டு மாதக் கட்டணத்தில் ஸ்டேட்டிக் (மாறாத) பப்ளிக் ஐ.பி. வாங்கலாம். டி.வி.ஆர். தயாரிப்பாளரின் கிளவுட் ஆப்பைப் பயன்படுத்தலாம், அதில் டி.வி.ஆரே வெளியே போய் இணைப்பைத் தொடங்குவதால் அட்டவணையில் வரி விழுந்துவிடும். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் என்றால், சிறிய கிளவுட் சர்வர் ஒன்று எடுத்து, கடையிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற வி.பி.என். (இணையத்துக்குள்ளேயே போடும் பூட்டிய தனிப்பாதை) டனல் போடுங்கள். கடைப் பக்கத்தில் கீப்அலைவை (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு பாக்கெட்டை) 25 வினாடி என்று வையுங்கள், இல்லையென்றால் சும்மா இருக்கும் நேரத்தில் நாட் அந்த வரியை அழித்துவிடும்.

பப்ளிக் ஐ.பி. கிடைத்தாலும் டி.வி.ஆர். போர்ட்டை நேரடியாகத் திறக்காதீர்கள், தயவுசெய்து. தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டோடு இருக்கும் கேமராக்களைத் தேடி இணையம் முழுக்க ஸ்கேனர்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. வி.பி.என். வழியாகப் போங்கள்.

நெட் கம்பெனி கொடுத்த மோடமும் 192.168.1.1, நான் வாங்கிய ரவுட்டரும் 192.168.1.1. இணைத்தால் நெட் வருவதில்லை.

உங்கள் ரவுட்டருக்கு வாசலும் கொல்லையும் ஒரே தெருவில் இருப்பதுபோல் ஆகிவிட்டது. மோடமைத் தேடி 192.168.1.1-க்கு அனுப்பப் பார்த்தால், அது தன் எண்ணாகவே இருக்கிறது. ரவுட்டரின் உள்முகவரியை 192.168.50.1 என்று மாற்றினால் போதும்.

வைஃபை மட்டும்தான் நீட்ட வேண்டுமென்றால் ஆக்ஸஸ் பாயின்ட் மோடு (ரவுட்டர் முகவரி ஒதுக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலை) சிறந்தது. அந்த மோடு இல்லாத ரவுட்டரில், மோடமோடு இணைப்பதற்கு முன்பே லேப்டாப்பை அதில் செருகி, ரவுட்டரின் ஐ.பி.யை 192.168.1.2 ஆக்குங்கள், பிறகு டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள், கடைசியாக மோடம் கேபிளை வான் போர்ட்டில் (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் துளை) அல்லாமல் உள்பக்க லேன் போர்ட்டில் செருகுங்கள். டி.எச்.சி.பி.யை முதலில் நிறுத்திவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கே முகவரி கிடைக்காமல், ரவுட்டர் பக்கத்தைத் திறக்கத் திண்டாடுவீர்கள்.

லேப்டாப்பில் ஓடும் என் வெப்சைட்டைப் போனில் 127.0.0.1 என்று அடித்தால் திறக்கவில்லையே?

127 என்றால் 'நானே'. போனில் அடித்தால் போன் தன்னிடமே கேட்கும். சர்வரை 0.0.0.0-இல் கேட்கச் சொல்லி ஓட்டுங்கள். 'இந்தக் கருவியின் எல்லா முகவரிகளிலும் கேள்' என்று அதற்குப் பொருள். பிறகு போனில் லேப்டாப்பின் 192.168 முகவரியைப் போர்ட்டோடு அடியுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் லேப்டாப் ஃபயர்வாலையும், போன் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கிளவுட் சர்வரில் டேட்டாபேஸை மட்டும் 0.0.0.0-இல் விடாதீர்கள். ஃபயர்வால் சரியாக இல்லையென்றால் ஊரே உள்ளே வரும்.

பாடப் புத்தகத்தில் 203.0.113.10 என்று போட்டிருக்கிறது. பிங் (ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தால் பதிலே இல்லை.

வராது. 192.0.2.0/24, 198.51.100.0/24, 203.0.113.0/24 மூன்றும் எடுத்துக்காட்டு எழுதுவதற்கென்றே ஒதுக்கியவை. உங்கள் சர்வரில் அப்படியே ஒட்டாமல், உங்கள் முகவரியை அங்கே போடுங்கள்.

டாக்கர் நிறுவியதிலிருந்து ஆபீஸ் வி.பி.என்.னில் 172.17.20.5 சர்வர் மட்டும் எட்டவில்லை.

டாக்கர் என்பது மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் கருவி. அந்தப் பெட்டிகளை இணைக்க லேப்டாப்புக்குள் அது போடும் நெட்வொர்க்தான் பிரிட்ஜ். டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் 172.17.0.0/16. அந்த சர்வர் தனக்குள்ளேயே இருக்கிறது என்று லேப்டாப் நம்பி, பாக்கெட்டை வி.பி.என்.னுக்கு அனுப்பாமல் டாக்கர் பிரிட்ஜுக்கு அனுப்புகிறது. டாக்கர் டீமனின் (பின்னணியில் ஓடும் டாக்கர் நிரலின்) அமைப்புக் கோப்பில் பிரிட்ஜ் முகவரியை, ஆபீஸில் யாரும் பயன்படுத்தாத ஒன்றாக, உதாரணத்துக்கு 10.213.0.1/24 என்று மாற்றி, டாக்கரை மறுபடி தொடங்குங்கள். டாக்கர் கம்போஸ் (பல பெட்டிகளைச் சேர்த்து ஓட்டும் துணைக் கருவி) உருவாக்கும் நெட்வொர்க்குகள் 172.18, 172.19 என்று மேலே போகும், அவற்றுக்கான முகவரித் தொகுப்பையும் அதே கோப்பில் மாற்றுங்கள்.

புதிதாக ஆபீஸ் நெட்வொர்க் போடுபவர்கள் 192.168.0, 192.168.1 இரண்டையும் தொடவே வேண்டாம். ஊழியர் வீட்டு ரவுட்டரிலும் அவைதான் இருக்கும், வி.பி.என். போட்ட அன்றே இதே மோதல் வரும். 10.83.0.0/16 போல யாரும் எளிதில் தேர்ந்தெடுக்காத ஒன்றை எடுத்து, கிளைக்கு ஒரு /24 என்று பிரித்துக்கொள்ளுங்கள்.