மாநிலங்களின் ஒப்புதல் எப்போது தேவை?

கேள்வி: நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் அரசியலமைப்புச் சட்டத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்திவிடலாம் என்கிறார்களே, மாநிலச் சட்டப்பேரவைகளுக்கு இதில் பங்கே இல்லையா?

பதில்: உண்டு. திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தின் ஏதேனும் ஓர் அவையில்தான் கொண்டுவர முடியும். ஆனால் திருத்த நடைமுறையைச் சொல்லும் 368-ஆவது பிரிவு கேட்கும் பெரும்பான்மை நீங்கள் கேள்விப்பட்டதைவிடக் கடுமையானது. மக்களவையின் 543 உறுப்பினர்களில் 400 பேர் வாக்களிக்கும்போது, மூன்றில் இரண்டு பங்குக்கு 267 வாக்குகள் போதும். ஆயினும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 272 பேர், ஆதரிக்காவிட்டால் மசோதா நிறைவேறாது. மாநிலங்களவையிலும் இதே நிபந்தனைகளின்படி தனியாக நிறைவேற வேண்டும். இரு அவைகளும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுக் கூட்டத்துக்கு இடமில்லை.

குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், மத்திய, மாநில அதிகாரப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், 368-ஆவது பிரிவு ஆகியவற்றைத் தொடும் திருத்தமானால், குடியரசுத் தலைவரிடம் செல்லும் முன்பே குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி ஒப்புதல் தர வேண்டும். 28 மாநிலங்களில் அது 14. புதுச்சேரியில் சட்டப்பேரவை இருந்தாலும், அது ஒன்றியப் பிரதேசம் என்பதால் இந்தக் கணக்கில் சேராது.

இதை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 97-ஆவது திருத்தத்துக்கு நேர்ந்ததைப் பார்க்க வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் இயக்குநர் எண்ணிக்கை, பதவிக்காலம், தேர்தல், தணிக்கை ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்த அந்தத் திருத்தத்தை 2011-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாநிலங்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை. கூட்டுறவுச் சங்கங்களோ மாநிலப் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாவிட்டாலும், மாநிலங்களுக்கே உரிய சட்டமியற்றும் அதிகாரத்துக்கு வரம்பு கட்டினால் அவற்றின் ஒப்புதல் கட்டாயம் என்று கூறி, மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்த விதிகள் செல்லாது என உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தை எப்படி நடத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை நம் சட்டப்பேரவையிடம் இருப்பதை உறுதிசெய்த இந்தத் தீர்ப்பு இன்னும் பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எல்லாப் படிகளையும் கடந்தாலும் “எப்படி வேண்டுமானாலும்” திருத்த முடியாது. அரசியலமைப்பின் ஆதாரக் கூறுகளான அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்பது 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு.

கேள்வி: ஒரு மாநிலம் ஒப்புதல் தராமலே இருந்துவிட்டால்?

பதில்: 368-ஆவது பிரிவு கால வரம்பு எதையும் விதிக்கவில்லை. பாதி மாநிலங்கள் இசைந்து குடியரசுத் தலைவரும் ஒப்பமிட்டுவிட்டால், மறுத்த மாநிலத்தையும் அந்தத் திருத்தம் கட்டுப்படுத்தும்.