பதில்: மகனுக்கு வந்திருக்கும் கிராஜுவேட் அசிஸ்டென்ட் வாய்ப்பு

அண்ணா, மகன் ஐடி வேலையை விட்டுவிட்டு காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் கிராஜுவேட் அசிஸ்டென்ட்டாக, அதாவது மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே கோச்சுகளுக்கு உதவியாளராக, போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகட்டும். கையில் வருவது சொற்பம்தான், ஆனால் மாஸ்டர்ஸ் கட்டணத்தைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும். எதிரணி வீடியோவை ஒவ்வொரு பிளேயாக (ஒவ்வொரு ஆட்டத் துண்டாக) வெட்டி, எத்தனையாவது டவுன் (முன்னேறும் முயற்சி), இன்னும் எத்தனை யார்டு போக வேண்டும், என்ன ஃபார்மேஷன் (வீரர்கள் நிற்கும் அமைப்பு) என்று குறித்து வைப்பதிலேயே ராத்திரி போய்விடும், தொழில் படிவது அங்கேதான். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற காலேஜ் ஃபுட்பால் கோச் நிக் சேபன் 1973இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் ஆரம்பித்தார். இதற்கு அடுத்த படி பொசிஷன் கோச் (ஒரு வகை வீரர்களுக்கு மட்டும் பயிற்சி தருபவர்), அப்புறம் கோஆர்டினேட்டர் (தாக்குதல் அல்லது தடுப்பு ஆட்டம் முழுவதையும் கவனிப்பவர்).

ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும், தலைமைக் கோச்சை நீக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். பின்னாளில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கோச்சான டாபோ ஸ்வினிக்கு, அலபாமா பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்தபோது அதுதான் நடந்தது, ரியல் எஸ்டேட் பக்கம் போனவர் 2003இல் கிளெம்சன் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தார். அதனால் எந்தத் தலைமைக் கோச்சிடம் சேர்கிறான், அவர் பதவி நிலைக்குமா என்று விசாரியுங்கள். மாஸ்டர்ஸை மட்டும் பாதியில் நிறுத்த விடாதீர்கள்.