வாட்ஸை விடுங்க, எங்க வைப்பீங்க? – ப்ளூடூத் ஸ்பீக்கர் கேள்வி பதில்

ஸ்பீக்கர், ரேடியோ பிரிச்சு மாட்டுறதுதான் என் பிழைப்பு. கையில தூக்கிட்டுப் போற ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்க நினைக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேட்கிறது, "எத்தனை வாட்ஸ்?" நான் திருப்பிக் கேட்கிறது, "எங்க வெச்சு, எவ்வளவு தள்ளி உட்கார்ந்து கேட்பீங்க?" அதுக்குப் பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, ரெண்டு ஸ்பீக்கர் பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு 10 வாட்ஸ், இன்னொண்ணு 20 வாட்ஸ். விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். 20 எடுத்தா டபுள் சத்தம் வருமா?

பதில்: வராது தம்பி. வாட்ஸ் ரெட்டிப்பானா 3 டெசிபல்தான் (சத்தத்தை அளக்கிற அலகு) கூடும். "கொஞ்சம் ஏத்தின மாதிரி இருக்கே"ன்னு காது சொல்லும், அவ்வளவுதான். ரெண்டு மடங்கு சத்தம்னு தோணணும்னா சுமார் 10 டெசிபல் கூடணும், அதுக்கு வாட்ஸ் 10 மடங்கு வேணும். அதுவும் பெட்டியில போட்டிருக்கிற வாட்ஸ் உண்மையா இருந்தாத்தான். ஆர்எம்எஸ்னு போட்டிருந்தா விடாம தாங்குற அளவு, அதை நம்பலாம். "பீக்"னு போட்டிருந்தா கண நேரத்துக்குத் தாங்குறது. பிஎம்பிஓன்னு போட்டிருந்தா அது விளம்பரத்துக்கு ஊதிப் பெருக்கின எண், அந்தப் பெட்டியை வெச்சுட்டு வந்துடுங்க. உங்க ரெண்டுல எது கையில கனமா, கொஞ்சம் பெருசா இருக்கோ அதை முதல்ல கேட்டுப் பாருங்க.

கேள்வி: என்னிடம் உள்ள சின்ன ஸ்பீக்கரில் மெதுவாக வைத்தால் பேஸ் நன்றாக இருக்கிறது. சத்தத்தை ஏற்றினால் பேஸ் காணாமல் போய், தகரம் மாதிரி கேட்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை சார், அது அப்படித்தான் நடக்கணும்னு உள்ளே எழுதியிருக்கு. கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா மலிவு ஸ்பீக்கர் வாங்குறவங்க ஏமாறுற இடமே இதுதான்.

பேஸ்னா கனமான அடித்தொனி, அதுக்கு நிறைய காத்தைத் தள்ளணும். உள்ளங்கை அளவு பெட்டியில அகலமான கோன் (ஆடி ஆடிச் சத்தம் எழுப்புற கூம்பு) வைக்க இடமில்லை. அதனால சின்ன கோனை ரொம்ப தூரம் முன்னும் பின்னும் ஆட விடுறாங்க, கூடவே ரெண்டு பக்கமும் ரப்பர் ஓரம் வெச்ச தட்டு ஒண்ணு மாட்டிடுறாங்க. பேசிவ் ரேடியேட்டர்னு பேரு. அதுல காயிலும் இல்லை, காந்தமும் இல்லை. உள்ளே இருக்கிற காத்து தள்ளுறதுல அதுவும் சேர்ந்து ஆடும். பாதி வால்யூம்ல ஒரு பாட்டை ஓட விட்டு அந்த ஓரத் தட்டைப் பாருங்க, தவளைத் தொண்டை மாதிரி புடைச்சுப் புடைச்சு அடங்கும். அந்த ஆட்டம்தான் உங்களுக்கு பேஸா கேட்குது.

வால்யூம் ஏற ஏற கோன் போய்வர இடம் தீர்ந்துடும். அதுக்கு மேல ஆடினா முட்டிக் கிழியும். அதனால உள்ளே இருக்கிற சிப், வால்யூம் ஏறும்போது பேஸை மட்டும் கத்தரிச்சுடும். ஸ்பீக்கர் தன்னைக் காப்பாத்திக்குது, நமக்குத் தகரம் மிஞ்சுது. இந்தக் காவல் இல்லாத மட்டமான பெட்டிகள் கரகரன்னு இரைஞ்சு, ஒருநாள் ஊமையாகித்தான் என் மேசைக்கு வரும்.

இதுல இருந்து ஒரு கணக்கு: நீங்க வழக்கமா 80 சதவீத வால்யூம்ல கேட்கிறவர்னா அந்த ஸ்பீக்கர் உங்களுக்குச் சின்னது. பாதியிலேயே போதும்னு தோணுற அளவுக்குப் பெரிய பெட்டி எடுங்க. நல்ல பேரு வாங்கின கம்பெனியோட உள்ளங்கைப் பெட்டியை விட, சுமாரான கம்பெனியோட தண்ணி பாட்டில் அளவுப் பெட்டி பல சமயம் நல்லாப் பாடும். பௌதிகத்தை ஏமாத்த முடியாது.

கேள்வி: கூடாரம் போட்டுத் தங்கப் போறோம், பத்துப் பேர். வீட்டு அறையில அதிர வைக்கிற ஸ்பீக்கர் அங்கேயும் போதுமா?

பதில்: போதாது. அறையில சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்புது. திறந்தவெளியில போனது போனதுதான். அங்க தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் விழும். ஒரு மீட்டர்ல காதைப் பிளக்கிறது எட்டு மீட்டர்ல 18 டெசிபல் குறைஞ்சிருக்கும். வட்டமா உட்கார்ந்து நடுவுல வைங்க, தூரம் குறையும். பக்கத்துக் கூடாரத்துக்காரங்களுக்கும் நிம்மதி.

கேள்வி: குளிக்கும்போது பாட்டு கேட்கணும். ஐபிஎக்ஸ்7, ஐபி67, ஐபிஎக்ஸ்5ன்னு விதவிதமா போட்டிருக்காங்க. எது பாதுகாப்பு அண்ணா?

பதில்: ஐபிக்கு அடுத்து வர்ற முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது தண்ணிக்கு. எக்ஸ்னு இருந்தா அந்தச் சோதனைக்கு எண் கொடுக்கலைன்னு அர்த்தம், தூசி உள்ளே போகும்னு அர்த்தமில்லை. தூசிக்கு 6 தான் உச்சம். தண்ணிக்கு 7 போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கும். 5 போட்டிருந்தா குழாயில பீச்சி அடிச்சாத் தாங்கும். வேடிக்கை என்னன்னா, 7 வாங்கினது 5 சோதனையிலும் தேறியிருக்கணும்னு கட்டாயமில்லை. ரெண்டும் வேற வேற பரீட்சை.

குளியலறைக்கு இதுல எதுவா இருந்தாலும் போதும் தங்கச்சி. ஆனா சோதனை நடக்கிறது வெறும் நல்ல தண்ணியில. சோப்பு நுரை, கடல் தண்ணி, நீச்சல் குள குளோரின் எதுவும் அதுல சேராது. கடலுக்குக் கொண்டுபோனா திரும்பினதும் நல்ல தண்ணியில அலசுங்க. முக்கியமா, சார்ஜ் போடுற ஓட்டையில ஈரம் இருக்கும்போது வயரைச் செருகாதீங்க. தண்ணியில விழுந்து என்கிட்ட வந்த ஸ்பீக்கர்ல பாதிக்கு மேல, தண்ணியால சாகலை. ஈரம் காயறதுக்குள்ள சார்ஜ் போட்டதால செத்தது.

கேள்வி: "24 மணி நேரம்"னு போட்ட ஸ்பீக்கர் எனக்கு 9 மணி நேரம்தான் வருது. பேட்டரியை மாத்தணுமா?

பதில்: பொறுங்க. அந்த 24 மணி நேரம் பாதி வால்யூம்ல, இல்லேன்னா அதுக்கும் கீழ, வண்ண விளக்கு எதுவும் எரியாம எடுத்த கணக்கு. விளக்கை அணைச்சு, வால்யூமைப் பாதியாக்கி ஒருநாள் பாருங்க. அப்பவும் 9தான்னா பேட்டரி தளர்ந்திருக்கு. புதுசா வாங்குறவங்க விளம்பர மணிக்கணக்குல பாதியைப் பிடிச்சுக்குங்க.

கேள்வி: விமானத்தில் கொண்டு போகலாமா? எந்தப் பையில் வைப்பது?

பதில்: கைப்பையில. லித்தியம் பேட்டரிக்கு 100 வாட் ஹவர் வரைக்கும் தனி அனுமதி தேவையில்லை. உங்க ஸ்பீக்கர்ல மில்லி ஆம்பியர் ஹவர்தான் போட்டிருக்கும். அதை 3.7ஆல பெருக்கி 1000ஆல வகுங்க: 4000னு இருந்தா 14.8. பயமே வேண்டாம். தோள்ல தூக்குற பார்ட்டி பெட்டிகள்தான் எல்லைக்குப் பக்கத்துல வரும். எங்க வெச்சாலும் முழுசா அணைச்சு வைங்க. துணிக்கு நடுவுல பட்டன் அழுந்தி, பை தானா "பேரிங்"னு (போனோட இணையத் தயார்னு) பேசினா பக்கத்து சீட்காரர் முகத்தைப் பார்க்கணுமே!

கேள்வி: புதுசா வாங்கின ஸ்பீக்கர் என் லேப்டாப் சார்ஜர்ல சார்ஜ் ஏறவே மாட்டேங்குது. ரெண்டு பக்கமும் டைப் சி. பழைய சார்ஜர்ல மட்டும் ஏறுது. மாத்திக் கேட்கவா?

பதில்: இதுக்கு நானே ஒருநாள் பூரா வீணாக்கியிருக்கேன். அவசரமா ஊருக்குக் கிளம்பும்போது ஒரே சார்ஜர் போதும்னு டைப் சி வயரை மட்டும் எடுத்துட்டுப் போய், போன இடத்துல ஸ்பீக்கர் செங்கல்லாக் கிடந்தது. திரும்பி வந்து பிரிச்சப்பதான் தெரிஞ்சுது. டைப் சி சார்ஜர், எதிர்ப்பக்கம் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் மின்சாரத்தையே விடும். காசை மிச்சம் பிடிக்கிற கம்பெனிகள் கடுகை விடச் சின்னதான அந்த ரெண்டு ரெசிஸ்டரை விட்டுடுறாங்க. ஒருபக்கம் பழைய செவ்வக யூஎஸ்பி இருக்கிற வயர்ல அந்தப் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால ஏறும். மாத்திக் கொடுத்தா மாத்துங்க. இல்லேன்னா அந்தப் பழைய வயரை ஸ்பீக்கரோடயே ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைங்க.

கேள்வி: எனக்கு 68 வயது. பாட்டை விட, பேச்சும் செய்தியும்தான் அதிகம் கேட்பேன். போனில் தேடித் தேடி அழுத்தப் பிடிக்கவில்லை. எது சரியாக இருக்கும் தம்பி?

பதில்: ஐயா, உங்களுக்கு பேஸே எதிரி. பேஸ் தூக்கலா இருந்தா பேச்சு குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்கும். கடையில ஒரு ஆள் பேசுறதை மட்டும் ஓட விட்டுக் கேளுங்க. சொல் ஒவ்வொண்ணும் தனித்தனியா விழணும். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு வால்யூம் பட்டனைத் தடவிப் பாருங்க. ரப்பருக்கு அடியில மறைஞ்சு, மேடு பள்ளம் தெரியாம இருந்தா வேண்டாம். மெமரி கார்டு போடுற இடமும் எஃப்எம்மும் இருந்தா போனே தேவையில்லை. சின்னப் பெட்டிகள் சிலதுல வயரைச் செருகினாத்தான் எஃப்எம் எடுக்கும், அந்த வயர்தான் ஏரியல். கடைசியா, ஆன் பண்ணும்போது எவ்வளவு சத்தமாக் கத்துதுன்னு கேட்டுடுங்க. சிலது விடிகாலை நாலு மணிக்கு வீட்டையே எழுப்பிடும், அந்தச் சத்தத்தைக் குறைக்க வழியே வெச்சிருக்க மாட்டாங்க.

கேள்வி: ப்ளூடூத் 5.0 வேண்டாம், 5.3தான் சத்தம் நல்லா இருக்கும்னு கடைக்காரர் சொல்றார்...

பதில்: விற்கத்தானே உட்கார்ந்திருக்கார்! அந்த எண்ணுக்கும் இசைத் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 2016ல 5.0 வந்தப்ப "நாலு மடங்கு தூரம்"னு பேசினது குறைந்த மின்சாரத்துல ஓடுற வகைக்கு. பாட்டு இன்னும் பெரும்பாலும் பழைய வழியிலதான் வருது. எஸ்பிசி, ஏஏசி, எல்டிஏசின்னு வர்ற கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்புற முறை) வித்தியாசமும் உள்ளங்கைப் பெட்டியில காதுக்கு எட்டாது.

கேள்வி: படம் பார்க்கும்போது சரியா இருக்கு. கேம்ல சுட்டதுக்கு அப்புறம்தான் சத்தம் வருது?

பதில்: ப்ளூடூத்ல ஒலி வந்து சேர விநாடியில அஞ்சுல ஒரு பங்கு அளவுக்குத் தாமதம் ஆகும். வீடியோ ஆப் படத்தையும் அதே அளவு நிறுத்தி வெச்சுச் சமாளிக்கும். கேம் அப்படிக் காத்திருக்க முடியாது. ஆக்ஸ் ஓட்டை இருக்கிற ஸ்பீக்கர் எடுங்க, வயர் போட்டா தீர்ந்துது. புது மாடல்கள்ல அந்த ஓட்டை அருகிட்டு வருது, பார்த்து வாங்குங்க.

கேள்வி: இப்ப ஒண்ணு வாங்கிட்டு, அடுத்த வருஷம் இன்னொண்ணு வாங்கி ரெண்டையும் சேர்த்து ஸ்டீரியோ ஆக்கலாமா அண்ணே?

பதில்: ஆக்கலாம், ஆனா பெரும்பாலும் அதே மாடலா இருக்கணும். ஒரே கம்பெனிக்குள்ளேயே சேராதது உண்டு. ஜேபிஎல்லோட பார்ட்டிபூஸ்ட்ங்கிற முறையில சேர்ற ஸ்பீக்கரும், அவங்களோடயே புது ஆராகாஸ்ட் முறையில சேர்ற ஸ்பீக்கரும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. ரெண்டு வேணும்னு உறுதியாத் தெரிஞ்சா ஒரே நாள்ல ரெண்டையும் எடுத்துடுங்க.

கேள்வி: நேத்துதான் வாங்கினேன். மேசை நடுவுல வெச்சிருக்கேன், பேஸ் சுத்தமா இல்லை. திருப்பிக் கொடுத்துடவா?

பதில்: கொடுக்கிறதுக்கு முன்னால அதைச் சுவரோரமா, முடிஞ்சா ரெண்டு சுவர் சேர்ற மூலைக்கு நகர்த்துங்க. பின்னால போற பேஸை சுவர் முன்னால திருப்பும். அதே பாட்டை அதே வால்யூம்ல கேட்டுட்டுச் சொல்லுங்க.

(அவரே மறுபடியும்): மூலையில இருந்த அலமாரி மேல வெச்சேன். பேஸ் நல்லாவே வருது! ஆனா இப்ப அலமாரிக் கதவு கிர்ருனு அதிருது.

பதில்: கதவு இடுக்குல ஒரு காகிதத்தை மடிச்சுச் செருகுங்க.