ஊரை மிரட்டுற மிருகப் படங்கள்: கேளுங்க, சொல்றேன்

ஞாயித்துக்கிழமை மும்பை மாட்டுங்கால ஒரு வீட்ல பத்து பேரு உக்காந்து, சுறா கடிக்கிற ஜாஸ் படமும் பறவைங்க தாக்குற தி பேர்ட்ஸ் படமும் பார்த்தோம்ல, அப்ப பேசி முடிக்காம போன கேள்விங்களுக்கு பதில் இது.

தாராவி தம்பி: அண்ணே, ஜாஸ்ல ஒரு மணி நேரம் தாண்டியும் சுறாவை ஒழுங்கா காட்டலையே, ஏன்?

காட்ட முடியல தம்பி. அமெரிக்கால மார்த்தாஸ் வின்யார்ட் தீவு பக்கம் நிஜக் கடல்லயே 1974ல ஷூட்டிங், யூனிட்ல ப்ரூஸ்னு கூப்பிட்ட மெஷின் சுறா உப்புத்தண்ணில அடிக்கடி மக்கர் பண்ணிருச்சு, டைரக்டர் ஸ்பீல்பெர்க் வேற வழியில்லாம கேமராவை தண்ணி மட்டத்துக்கு இறக்கி, சுறா இழுத்துட்டுப் போற மஞ்சள் பீப்பாயை மட்டும் காட்டி, இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸோட ரெண்டு சுரத்தை பின்னாடி போட்டாரு. அந்த பீப்பா திரும்பி வர்ற சீன்ல எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையும்.

செம்பூர் அக்கா: எனக்கு சுறாவை விட அந்தப் படத்து ஊர் மேயர் மேலதான் ஆத்திரமா வந்துச்சு.

நியாயம்க்கா. ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தின சீசன் வருமானம் போயிருமேன்னு பீச்சை மூட மாட்டேங்கறாரு. சுறா பசிக்கு கடிக்குது, இவரு தெரிஞ்சே ஜனங்களை தண்ணில இறக்குறாரு. இந்த மாதிரி படத்துல முக்கால்வாசிப் பயம் ஊர்ப் பெரியவங்க மறைக்கிறதுலதான் இருக்கு.

சயான்ல இருந்து ஒருத்தர்: தி பேர்ட்ஸ் நிஜமா நடந்ததா?

மூலக்கதை டாஃப்னி டு மோரியே 1952ல எழுதினது, நடக்கறது இங்கிலாந்துல, டைரக்டர் ஹிட்ச்காக் 1963 படத்துல அதை கலிஃபோர்னியா போடேகா பேக்கு மாத்திட்டாரு. ஆனா 1961 ஆகஸ்ட்ல அதே கலிஃபோர்னியால கேபிடோலா பக்கம் நடுராத்திரி கடல் பறவைங்க கூட்டமா வந்து வீடுங்க மேல மோதி செத்து விழுந்துச்சு, அந்த செய்தி அவரு காதுக்கும் போச்சு. கடல் பாசில உண்டாகுற டோமோயிக் அமிலம்ங்கற விஷம் மீன் வழியா பறவைக்கு ஏறியிருக்கும்னு பின்னாடி விஞ்ஞானிங்க சொன்னாங்க. படத்துல காரணமே சொல்லல, பின்னணி இசையும் கிடையாது, வெறும் றெக்கை சத்தமும் கத்தலும்தான்.

கோரேகாவ் தம்பி: நம்ம கோரேகாவ் பக்கம் காடு இருக்கற ஆரே காலனி சிறுத்தையை வச்சு ஒரு குறும்படம் எடுக்கட்டுமா?

எடு, ஆனா சிறுத்தையை வில்லனாக்காத, கெஞ்சிக் கேக்கறேன். ஜாஸ் நாவல் எழுதின பீட்டர் பெஞ்ச்லியே பின்னாடி மனசு வருந்தி சுறாவைக் காப்பாத்தணும்னு கடைசி வரைக்கும் பேசினாரு. இங்க சிறுத்தை பெரும்பாலும் தெருநாயைத் தேடித்தான் வருது, குப்பை கிடந்தா நாய் சேரும், நாய் சேர்ந்தா அது வரும். அதனால முதல் ஷாட் அள்ளாத குப்பை, அடுத்தது லைட் எரியாத சந்து, சிறுத்தைக்கு வெறும் காலடித் தடம் போதும். லொகேஷன் பார்க்க இருட்டினதுக்கு அப்புறம் தனியா போகாத, சின்னப் பசங்களையும் கூட்டிட்டுப் போகாத.