பிரைமரியில் யாருக்கு ஓட்டு: பிடித்தவருக்கா, ஜெயிப்பவருக்கா?

கேள்வி: பென்சில்வேனியாவில் எக்ஸ்டனில் இருக்கிறோம். எனக்குக் குடியுரிமை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2028-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் முதன்முதலாக ஓட்டுப் போடப் போகிறேன். "ஜெயிக்கிற குதிரை மேலதான் பணம் கட்டணும். 2016, 2024 ரெண்டு தடவை பார்த்தாச்சு, இனிமே பெண் வேட்பாளர் வேண்டவே வேண்டாம்" என்கிறார் கணவர். "எல்லாரும் இப்படியே நினைச்சா அவங்க எப்பதான் ஜெயிப்பாங்க?" என்று கல்லூரியில் படிக்கும் மகள் சண்டைக்கு நிற்கிறாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தாலே இந்தப் பேச்சுதான். நான் யார் பக்கம் பேசுவது?

பதில்: இரண்டு பேர் பேச்சிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் உங்கள் கணவர் காட்டும் ஆதாரம் ரொம்பப் பலவீனம். அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

2016-ல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் ட்ரம்ப்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வாங்கினார். ஆனால் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாகக் கிடைக்கும் 'தேர்வாளர்கள்' (எலக்டோரல் ஓட்டு) எண்ணிக்கை. அதில் அவரைக் கவிழ்த்தவை மிச்சிகன், விஸ்கான்சின், உங்கள் பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்கள். மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 80,000-க்கும் குறைவு. 2024-ல் கமலா ஹாரிஸும் இதே மூன்றில் தோற்றார். அதே நாளில், அதே ஓட்டுச்சீட்டில், மிச்சிகனில் எலிசா ஸ்லாட்கினும் விஸ்கான்சினில் டாமி பால்ட்வினும் செனட்டுக்கு ஜெயித்தார்கள். இருவரும் பெண்கள், இருவரும் ஜனநாயகக் கட்சி. பென்சில்வேனியாவில் நின்ற பாப் கேசி ஆண், வெள்ளையர், மூன்று முறை செனட்டர், அப்பா முன்னாள் கவர்னர். அவர் தோற்றுப்போனார். செனட் வேறு, அதிபர் பதவி வேறு என்று கணவர் சொல்லலாம். அது நியாயமான வாதம். ஆனாலும் விலைவாசிக் கோபம், ஆளுங்கட்சி என்ற சுமை, ஹாரிஸுக்குக் கிடைத்த சுமார் மூன்றரை மாதப் பிரசாரம் எல்லாம் கலந்துகிடக்கும் ஒரு தோல்வியிலிருந்து 'பெண் என்பதால்தான்' என்று தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

யார் ஜெயிப்பார் என்பது மற்ற வாக்காளர்கள் மனதில் என்ன இருக்கிறது என்ற ஊகம். அந்த ஊகத்தில் கட்சிக்காரர்களின் சாதனைப் பட்டியல் அப்படியொன்றும் பெருமைப்படும்படி இல்லை. 2004-ல் புஷ்ஷை வீழ்த்த வேண்டுமென்றால் போர்க்களம் கண்டவர்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டு ஜான் கெர்ரியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனவரி 19 அன்று அயோவாவில் கெர்ரிக்கு 38 சதவீதம். அதுவரை முன்னணியில் இருந்த ஹாவர்ட் டீனுக்கு 18. கெர்ரியின் பலமாகக் காட்டப்பட்ட வியட்நாம் சேவையைத்தான் எதிர்த்தரப்பு ஆகஸ்ட் மாதம் குறிவைத்து அடித்தது. நவம்பரில் 286-க்கு 251 தேர்வாளர்கள் என்று தோற்றார். 1980-ல் ரீகன் 'மிகத் தீவிரமானவர், ஜெயிக்கவே மாட்டார்' என்று சொல்லப்பட்டவர். வாங்கியது 489 தேர்வாளர்கள். 2024-ல் நிக்கி ஹேலி, பைடனை என்னால்தான் எளிதாகத் தோற்கடிக்க முடியும் என்று கருத்துக்கணிப்புகளைக் காட்டிக்கொண்டே போனார். குடியரசுக் கட்சிக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெர்மான்ட், வாஷிங்டன் டி.சி. இரண்டை மட்டும் ஜெயித்துவிட்டு மார்ச்சில் விலகினார். ட்ரம்ப் நவம்பரில் 312 தேர்வாளர்களோடு வந்தார்.

அதற்காக மகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 1972-ல் ஜனநாயகக் கட்சி மனசுக்குப் பிடித்த ஜார்ஜ் மெக்கவர்னை நிறுத்தியது. மாசசூசெட்ஸும் டி.சி.யும் மட்டும் கிடைத்தன, 17 தேர்வாளர்கள். 1964-ல் கோல்ட்வாட்டரை நிறுத்திய குடியரசுக் கட்சிக்கு ஆறு மாநிலம். கொள்கையில் கட்சியின் ஓரத்தில் நிற்கும் வேட்பாளருக்கு விலை உண்டு. முன்பைவிட இப்போது அந்த விலை குறைவு என்பது என் கருத்து. கட்சி விசுவாசம் இறுகிவிட்டதால் இரு பக்கமும் நாற்பத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிதாகிவிட்டது. ஆனால் பென்சில்வேனியா 2016-ல் 44,000 ஓட்டு, 2020-ல் 80,000, 2024-ல் 1.2 லட்சம் என்ற வித்தியாசத்தில்தான் முடிவானது. பதிவாகிற ஓட்டோ அறுபது, எழுபது லட்சம். அங்கே ஒரு சதவீதப் புள்ளி ஏறி இறங்கினாலும் கதை மாறிவிடும்.

மகள் சரியாகச் சொல்வது ஒன்று உண்டு: இந்த ஊகம் தன்னைத்தானே உண்மையாக்கிக்கொள்ளும். 2007 முழுக்க ஒபாமாவால் ஜெயிக்க முடியுமா என்ற சந்தேகம் கருப்பின வாக்காளர்களிடமே பரவலாக இருந்தது. 2008 ஜனவரி 3 அன்று, வெள்ளையர் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் வாழும் அயோவாவில் அவர் ஜெயித்தார். அதே மாதம் 26-ம் தேதி, கருப்பின வாக்காளர்கள் அதிகமுள்ள சவுத் கரோலினாவில் அவருக்கு 55 சதவீதம், கிளின்டனுக்கு 27. இடையில் ஒபாமாவிடம் எதுவும் மாறவில்லை, அவரைப் பற்றிய ஊகம்தான் மாறியது.

சரி, இவரால் ஜெயிக்க முடியுமா என்பதைப் பார்க்க உருப்படியான வழி எது? நான் நம்புவது ஒரே நாள், ஒரே மாநிலம், ஒரே கட்சி என்ற ஒப்பீடு. உங்கள் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2022 நவம்பரில் கவர்னர் தேர்தலில் ஜோஷ் ஷப்பிரோ கிட்டத்தட்ட 15 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே சீட்டில் செனட்டுக்கு நின்ற ஜான் ஃபெட்டர்மன் ஜெயித்தது 5 புள்ளியில். அன்றைய அலை இருவருக்கும் பொது, ஆகவே மீதிப் பத்துப் புள்ளி ஆளால் வந்தது என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள், எதிரில் நின்றது யார் என்றும் பாருங்கள். ஷப்பிரோவுக்கு எதிரில் நின்ற டக் மாஸ்ட்ரியானோவை அவர் கட்சிப் பிரமுகர்கள் சிலரே கைவிட்டிருந்தார்கள். ஃபெட்டர்மனுக்கு எதிரில் டிவியில் பிரபலமான டாக்டர் மெஹ்மெட் ஆஸ். எதிராளியின் பலவீனத்துக்கு ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் வேட்பாளர் கணக்கில் வையுங்கள். யார் பெயர் அடிபட்டாலும் இதையே செய்து பாருங்கள். தன் கட்சி எப்போதும் ஜெயிக்கும் மாநிலத்தில் 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தவரைவிட, இழுபறி மாநிலத்தில் தன் கட்சிக்காரர்களைவிட 3 புள்ளி கூட வாங்கியவர் கனமானவர்.

கருத்துக்கணிப்பு பார்ப்பதாக இருந்தால் கவனம். 800 பேரிடம் எடுத்த கணிப்பில் ஒருவரின் சதவீதமே மேலும் கீழும் மூன்றரைப் புள்ளி ஆடும். இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி கிட்டத்தட்ட ஏழு புள்ளி ஆடும். ஆகவே ஒரு நிறுவனத்தின் கணிப்பில் ஒருவர் 3 புள்ளி முன்னால், இன்னொரு நிறுவனத்தின் கணிப்பில் மற்றவர் 1 புள்ளி முன்னால் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரே கணிப்பில், ஒரே ஆட்களிடம், எதிர்க்கட்சி வேட்பாளரோடு இவரையும் அவரையும் தனித்தனி ஜோடியாக வைத்துக் கேட்டிருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள். அங்கேயும் 'முடிவு செய்யவில்லை' என்ற வரிசையைப் பார்க்க வேண்டும். 48-47 என்று நிற்பவர் ஊரே அறிந்தவர், அதற்குமேல் ஏற இடம் குறைவு. 42-42 என்று நிற்கும் புதுமுகத்திடம் முடிவு செய்யாதவர்கள் பெரும்பாலும் சொந்தக் கட்சிக்காரர்கள் என்றால் அவர் உண்மையில் முன்னால் இருக்கிறார். பொதுத் தேர்தலுக்கு ஆறு மாதத்துக்கு முன் வரும் எண்களை நான் அதிகம் மதிப்பதில்லை. 1988 ஜூலையில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாக்கிஸ் 17 புள்ளி முன்னால் இருந்தார். கடைசியில் கிடைத்தது 111 தேர்வாளர்கள்.

என் ஆலோசனை இது. முதலில் உங்களுக்கு முக்கியமான கொள்கை, திறமை, நேர்மை ஆகியவற்றைப் பார்த்து இரண்டு மூன்று பேரை எடுங்கள். அவர்களுக்குள் இழுபறி வந்தால் மட்டும் மேலே சொன்ன ஒப்பீட்டைக் கொண்டுவாருங்கள். 'அடுத்த வீட்டுக்காரர் போட மாட்டார்' என்பதை முதல் வடிகட்டியாக வைத்தால் 2008-ல் ஒபாமாவே தேறியிருக்க மாட்டார்.

இனி ஓட்டுப் போடும் வேலை. பென்சில்வேனியாவில் நடப்பது 'மூடிய' பிரைமரி, அதாவது அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே அதில் ஓட்டுப் போடலாம். பதிவுப் படிவத்தில் 'எந்தக் கட்சியும் இல்லை' என்று குறித்திருந்தால் அதிபர் பிரைமரிச் சீட்டே கிடைக்காது. குடியுரிமை விழா முடிந்த கையோடு பதிவு செய்யும் பலர், இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும் என்று விட்டு, ஏப்ரலில் மாட்டிக்கொள்வது இதில்தான். தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரை கட்சியை மாற்றிக்கொள்ளலாம். வழக்கமான தேதி ஏப்ரல் நான்காம் செவ்வாய். மாறியிருக்கிறதா என்று மாநிலத் தேர்தல் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்துக்குக் கீழே போனவருக்கு டெலிகேட் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதி) கிடையாது. மாநில அளவில் தனியாகவும், காங்கிரஸ் தொகுதி அளவில் தனியாகவும் கணக்கு. உங்களுக்குப் பிடித்தவர் இரண்டிலும் ஏழு எட்டில் தொங்கினால், உங்கள் இரண்டாவது ஆளுக்குப் போடுவதில் தப்பே இல்லை.

தபால் ஓட்டு என்றால் சீக்கிரம் அனுப்பிவிடாதீர்கள். 2020-ல் பல மாநிலங்களில் ஒரே நாளில் பிரைமரி நடந்த மார்ச் 3-க்கு முந்தைய இரண்டு நாட்களில், ஜனநாயகக் கட்சிப் போட்டியில் இருந்த புட்டஜெஜும் க்ளோபுச்சரும் விலகினார்கள். முன்கூட்டியே அவர்களுக்குப் போட்டவர்கள் அதை மாற்ற முடியவில்லை. தேர்தலுக்கு முந்தைய செவ்வாய் மாலை 5 மணிக்குள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். நிரப்பிய சீட்டு தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் மாவட்ட அலுவலகத்தில் இருக்க வேண்டும். தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது. ஒரு வாரம் இருக்கும்போது யார் இன்னும் களத்தில் என்று பார்த்து நிரப்பி, நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது. சீட்டை முதலில் உள்ளே வைக்கும் ரகசிய உறையில் போட்டு, பிறகு வெளி உறையில் வைத்து, அதில் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். ரகசிய உறை இல்லாமல் வந்தால் ஓட்டு எண்ணப்படாது.