கேமரா வீட்டில் தெரிகிறது, வெளியூரில் தெரியவில்லை: ரவுட்டரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் அருகே ஒரு கிராமத்தில் எங்கள் வீடு. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடும்வரை வீட்டுக் களத்தில்தான் கொட்டிவைப்போம். அதற்காக நான்கு கேமராக்களும், அவற்றின் படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டியும் பொருத்தினோம். அப்பா வீட்டு வைஃபையில் நன்றாகப் பார்க்கிறார். திருப்பூரில் என் கைபேசியில் படம் வருவதே இல்லை. ரவுட்டரில் டிவிஆரின் முகவரியைக் கொடுத்து 8000 என்ற போர்ட்டை (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசலை) திறந்தாகிவிட்டது. கேமரா பொருத்தியவர், ரவுட்டரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பழுது உங்கள் ரவுட்டரில் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வெளியிலிருந்து ரவுட்டர் வரை வந்துவிட்ட தகவலை உள்ளே எந்தக் கருவிக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் விதிதான் நீங்கள் செய்திருக்கும் போர்ட் ஃபார்வர்டிங். ரவுட்டர் வரைக்கும் எதுவுமே வராவிட்டால் அந்த விதிக்கு வேலை இல்லை. எனவே முதலில் அதைச் சோதியுங்கள். அப்பாவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்துவிடலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஸ்டேட்டஸ்’ பகுதிக்குப் போய், ‘வேன் ஐபி’ (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற இடத்தில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அதே வைஃபையில், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். முக்காற்புள்ளிகளோடு நீளமாக ஒன்று தெரிந்தால் அது ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி. அதை விட்டுவிட்டு, புள்ளி வைத்த நான்கு எண்களைப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது, கோளாறு வீட்டுக்குள்தான். வேறு வேறாக இருந்தால் ரவுட்டர் காட்டும் எண்ணைக் கவனியுங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதாக அது தொடங்கினால், இணைய நிறுவனம் உங்களையும் இன்னும் பல வீடுகளையும் ஒரே பொது முகவரிக்கு (வெளி இணையத்துக்குத் தெரியும் முகவரிக்கு) பின்னால் வைத்திருக்கிறது. இதற்குச் சிஜிநாட் என்று பெயர். 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான். புள்ளி வைத்த நான்கு எண்களாலான ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம். ஆசியப் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் நிறுவனங்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இந்த நிலையில் எத்தனை ரவுட்டர் மாற்றினாலும் படம் வராது.

192.168 என்று தொடங்கினால் விஷயம் வேறு. கேபிள்காரர் வைத்துப் போன ஃபைபர் மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது. அதன் பின்னால் உங்கள் ரவுட்டர் இரண்டாவதாக நிற்கிறது. மோடம் ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு அந்த எண்ணை மறுபடி பாருங்கள், ஏனென்றால் அதற்கு அப்பாலும் சிஜிநாட் இருக்கலாம்.

முகவரி இரண்டும் ஒன்றாகவே இருந்தும் படம் வரவில்லை என்றால், டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் ‘கேட்வே’ (வெளியே போக டிவிஆர் பயன்படுத்தும் ரவுட்டரின் முகவரி) என்ற கட்டத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ரவுட்டரின் முகவரி 192.168.0.1 ஆக இருக்க, அங்கே 192.168.1.1 என்றோ வெற்றாகவோ இருந்தால், வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரே வைஃபையில் இருக்கும் கைபேசிக்குப் பதில் அனுப்ப டிவிஆருக்குக் கேட்வே தேவையில்லை. திருப்பூருக்கு அனுப்பத் தேவை. கேட்பது உள்ளே வந்துவிடும், பதில் வெளியே போக வழி தெரியாமல் நிற்கும். வீட்டில் தெரிந்து வெளியே தெரியாத உங்கள் நிலைக்கு இது அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது மின்வெட்டு. கரண்ட் போய் வந்ததும் டிவிஆருக்கு ரவுட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கலாம். உங்கள் விதியோ பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் டிவிஆருக்கென்று ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். மின்வெட்டில் உங்கள் பொது முகவரியும் மாறக்கூடும். அதற்கு, முகவரி மாறினாலும் ஒரே பெயரால் வீட்டைத் தொடர்புகொள்ள உதவும் டிடிஎன்எஸ் வசதி இருக்கிறது.

சோதிக்கும்போது ஒன்று: வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பொது முகவரியைப் போட்டுப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பல ரவுட்டர்கள் அப்படித் திரும்பி வருவதை அனுமதிப்பதில்லை. மொபைல் டேட்டாவில்தான் பார்க்க வேண்டும், டிவிஆர் ஓடிக்கொண்டிருக்கும்போது.

சிஜிநாட் என்று உறுதியானால், மாதக் கட்டணத்தில் நிலையான பொது ஐபி கிடைக்குமா என்று இணைய நிறுவனத்திடம் கேட்கலாம். ஆனால் கிடைத்தாலும் டிவிஆரை நேரடியாக வெளியே திறந்துவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத டிவிஆர்களையும் கேமராக்களையும் பெரும் எண்ணிக்கையில் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது. களத்து நெல்லைக் காக்க வைத்த கேமராவை, வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது இல்லை என்று அயலான் பார்க்கும்படி விடக் கூடாது.

பத்திரமான வழி எளிதாகவும் இருக்கிறது. டிவிஆரின் சொந்தச் செயலியில் க்யூஆர் குறியீட்டைப் படித்துச் சேர்த்தால், டிவிஆர் தானே வெளியே தொடர்பு கொள்ளும். சிஜிநாட் அதைத் தடுக்காது. தயாரிப்பாளரின் சர்வரை நம்ப விருப்பமில்லை என்றால், வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு பழைய கணினியில் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை (இணையம் வழியே தனிப் பாதை அமைக்கும் மென்பொருளை) நிறுவி, வீட்டு நெட்வொர்க்குக்கு அதையே வழியாக்கிவிட்டு, உங்கள் கைபேசியிலும் அதை நிறுவுங்கள். வீட்டுக்குள் பயன்படுத்தும் அதே முகவரியைத் திருப்பூரிலும் போட்டுப் பார்க்கலாம். நிலையான ஐபியும் வேண்டாம், புதிய ரவுட்டரும் வேண்டாம்.

இரண்டில் எதைச் செய்தாலும், 8000 போர்ட்டுக்குப் போட்ட விதியை ரவுட்டரிலிருந்து நீக்கிவிடுங்கள். யுபிஎன்பி என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் டிவிஆர் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும்.